இருமல் இல்லை, கனைப்பு

எங்கள் வீட்டில் இருமல் என்ற சொல்லுக்கு இடமில்லை. என் கணவர் இருமுவதில்லை, கனைக்கிறார். பல் துலக்கும்போது கனைப்பார். மாடிப்படி ஏறினால் கனைப்பார். சிரிக்க ஆரம்பித்தால் சிரிப்பு பாதியில் நின்றுபோய், கண்ணில் தண்ணீர் வரும்வரை கனைப்பு மட்டும் தொடரும். ஆம்பூரில் ஒரு தோல் பதனிடும் ஆலையில், பஃபிங் பிரிவில், தன் வாலிபம் முழுவதையும் செலவழித்தவர் அவர். உப்புத்தாள் சுற்றிய உருளையில் தோலைக் கொடுத்து மழமழவென்று தேய்த்தெடுக்கும் இடம் அது. அங்கே பறக்கும் தூசு கோதுமை மாவைவிட மெல்லியது. மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளச் சொல்லித் துணி கொடுத்தார்கள். இவர் அதைக் கழுத்தில் கட்டிக்கொண்டார். அந்தக் காலத்துப் புகைப்படங்களில் பார்த்தால், உண்மையைச் சொல்ல வேண்டும், நன்றாகத்தான் இருக்கிறது.

டாக்டரிடம் போகலாம் என்று நான் சொல்ல ஆரம்பித்துப் பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது. எனக்கு வேறு பெரிய ஆசைகள் கிடையாது. அந்த மனிதரை ஒருமுறை ஒரு நெஞ்சு டாக்டர் முன்னால் உட்கார வைக்க வேண்டும், அவ்வளவுதான். ஒவ்வொரு முறையும் ஒரே பதில் வரும். யாருக்கு இருமல், இது வெறும் கனைப்பு, ஆம்பளை என்றால் தொண்டையைக் கனைக்க மாட்டானா என்பார். இந்த ஊரில் யார் கனைக்கவில்லை சொல் என்று தெருவையே சாட்சிக்கு இழுப்பார். அதுவும் முழுப் பொய் இல்லை. காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டத்தில் போய் நின்றால், தொண்டையைச் சரிசெய்துகொள்ளாத ஆளைத் தேட வேண்டும்.

அவருடைய கனைப்புக்கு இன்னொரு உபயோகமும் இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவருடைய அப்பா கூப்பிட்டதில்லை, அதனால் இவரும் கூப்பிடவில்லை. கேட்டருகே ஒரு கனைப்பு கேட்டால் ஐயா வந்துவிட்டார் என்று அர்த்தம். கூடத்தில் கேட்டால் காபி. சாப்பிடும்போது கேட்டால் ரசம். இந்தப் பாஷையில் நான் நன்றாகவே தேறிவிட்டேன். ஆனால் எது அழைப்பு, எது வியாதி என்று பிரிப்பதுதான் வரவர கஷ்டமாகிவிட்டது. காபி எடுத்துக்கொண்டு போவேன், அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருப்பார். காபி கேட்டேனா என்று என்னையே திருப்பிக் கேட்பார்.

நான் ஷூ கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். லைனில் வரும் ஷூவை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, தையல் ஒரு நூல் விலகியிருந்தாலும் ஸ்டிக்கர் ஒட்டி ஓரமாக வைப்பது என் வேலை. குறை கண்டுபிடிப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவள். கம்பெனியில் ஷிப்ட், வீட்டில் ஓவர்டைம் என்று கணவர் என்னைக் கிண்டல் செய்வார். செய்யட்டும். என் கையால் ஸ்டிக்கர் ஒட்டவிடாத ஒரே உருப்படி அவர்தான்.

ஓய்வு பெற்றவர்கள் டீக்கடை வைப்பார்கள், ஆட்டோ வாங்கி வாடகைக்கு விடுவார்கள். என் கணவர் குதிரை வாங்கினார். எங்கள் பக்கத்தில் முஸ்லிம் கல்யாணங்களில் மாப்பிள்ளை குதிரையில் வருவது முன்பே உண்டு. இப்போது வீடியோக்களைப் பார்த்துவிட்டு எல்லா சாதிக்காரர்களுக்கும் குதிரை வேண்டியிருக்கிறது. மஞ்சள் நீராட்டு விழாவுக்குக்கூடக் கேட்கிறார்கள். நல்ல வியாபாரம் என்று கணக்குப் போட்டு, சென்னையில் பந்தயத்தில் ஓடி ஓய்வு பெற்ற ஒரு வெள்ளைக் குதிரையைப் பிடித்துக்கொண்டு வந்தார். யானை விலை குதிரை விலை என்று சொல்வோமே, இது குதிரைக்கே கத்திரிக்காய் விலை. ஏன் இவ்வளவு மலிவு என்று கேட்டேன். ஓடும்போது மூச்சில் சத்தம் வருகிறதாம், நமக்கென்ன, மாப்பிள்ளையை வைத்துக்கொண்டு ஓடவா போகிறது என்றார். மூச்சில் சத்தம் வருவதை அவர் ஒரு குறையாக எடுத்துக்கொள்ளாததில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

பக்கத்து வீட்டு ஆபா, உருதுவில் அக்கா என்று அர்த்தம், மதில் மேல் கையை ஊன்றிக் குதிரையைப் பார்த்தார். எங்களைவிட மூத்தவர். வீட்டுக்குள் உருது, மதிலுக்கு இந்தப் பக்கம் தமிழ். குதிரை அவரைப் பார்த்து நீளமாக ஒரு குரல் கொடுத்தது.

"இன்னாமா, வூட்ல ஒரு கனைப்பு பத்தலையா?" என்றார்.

முதல் கல்யாணமே பைபாஸ் ரோட்டுக்கு அந்தப் பக்கம் மேட்டில் இருக்கிற மஹாலில். மேடு ஏற ஏற குதிரையின் மூச்சில் கர்ரென்று மரம் அறுக்கிற சத்தம். பேண்டு வாசிக்கிறவர்கள் வாசிப்பை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். மாப்பிள்ளைக்கு இப்போதே குறட்டையா, பொண்ணு பாவம் என்று நண்பர்கள் வீடியோ எடுத்தார்கள். பாதி மேட்டில் குதிரை முன்னங்காலை அகட்டி நின்றுவிட்டது, அதற்கு மேல் மூச்சே ஏறவில்லை. மாப்பிள்ளை இறங்கி, முகத்தை மறைத்துத் தொங்கிய பூச்சேராவை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மீதி தூரத்தை ஆட்டோவில் போனார்.

இனிமேல்தான் என் வயிற்றெரிச்சல். தன் நெஞ்சுக்காகப் பத்து வருடம் பஸ் ஸ்டாண்டு வரைகூட வராத மனிதர், அந்த வாரமே மாடு ஏற்றும் லாரியைப் பிடித்து, வைக்கோல் பரப்பி, குதிரையோடு தானும் பின்னால் நின்றுகொண்டு சென்னைக்குக் கிளம்பினார். நான் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். வாலாஜாபேட்டை டோல்கேட்டில் வண்டி நின்றபோது பின்னாலிருந்து இரண்டு சத்தம் வந்தது, கர்ரென்று ஒன்று, கனைப்பு ஒன்று. எதற்கு வைத்தியம் பார்க்கப் போகிறோம் என்று டிரைவர் என்னைக் கேட்டார். நியாயமான கேள்விதான்.

சென்னையில் கால்நடை மருத்துவர் பொறுமைசாலி. எனக்கும் புரியும்படி கையாலேயே காட்டினார். குதிரையின் மூச்சுக்குழல் வாசலில் இரண்டு கதவு இருக்கிறது. மூச்சு விடும்போது இரண்டும் திறக்க வேண்டும், விழுங்கும்போது மூட வேண்டும். இதற்கு ஒரு கதவு செத்துப்போய்த் தொங்குகிறது. அதை அறுவை செய்து, ஒரு தையல் போட்டு, திறந்தபடியே இழுத்துக் கட்டிவிடலாம். காற்று தாராளமாகப் போகும். ஆனால் கட்டிய கதவு விழுங்கும்போதும் முழுதாக மூடாது. தண்ணீரும் தீனியும் கொஞ்சம் தவறி உள்ளே போகும், அதனால் இருமும். ஆகவே சாப்பாட்டில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். தீனி தரையில் இருக்க வேண்டும், நன்றாக நனைந்திருக்க வேண்டும், தூசு ஆகவே ஆகாது. தலையைத் தாழ்த்தித் தின்றால் தவறிப்போனது தானாகவே வெளியே வழிந்துவிடும். தவறி நுரையீரலுக்குப் போய்ச் சேர்ந்தால் சீழ் பிடிக்கும், குதிரை பிழைக்காது. இவ்வளவையும் என் கணவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். அறுவை நடந்தது. தொண்டைக்குக் கீழே தையலோடு குதிரை ஊர் திரும்பியது, கர்ர் சத்தம் போயே போய்விட்டது.

குதிரைக்கு குர்ரம் என்றால் ஆனைக்கு அர்ரம் என்பார்கள். பாதி கேட்டு மீதியைத் தானே நிரப்பிக்கொள்கிறவர்களுக்காகச் சொன்னது. என் கணவர் குதிரைக்கென்று நெஞ்சு உயரத்தில் ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டி, பாத்ரூமுக்கு வாங்கி மிஞ்சிய நீல டைல்ஸை ஒட்டி வைத்திருந்தார். கல்யாணக் குதிரை நிமிர்ந்து நிற்க வேண்டும், குனிந்து தின்று பழகினால் மாப்பிள்ளையோடு சேர்ந்து அதுவும் தலைகுனிந்து நடக்கும் என்பது அவர் கட்சி. டாக்டர் தரையில் வைக்கச் சொன்னாரே என்றால், தொட்டி தரையில்தானே நிற்கிறது என்பார். நனைக்கச் சொன்னாரே என்றால், கோயில் பூசாரி தீர்த்தம் தெளிப்பதைப்போல விரலால் நாலு சொட்டு தெளிப்பார். தீனியோ, தட்டினால் புழுதி எழும்புகிற வேர்க்கடலைக் கொடி. பஃபிங் பிரிவைக் கொண்டுவந்து குதிரைக்கும் திறந்துவைத்த மாதிரி இருந்தது.

குதிரை ஒவ்வொரு வேளையும் தின்னும்போது கழுத்தை நீட்டி, உடம்பு குலுங்க இருமியது. எனக்குக் கேட்டது. ஆபாவுக்குக் கேட்டது. கம்பெனியில் இருக்கும்போது எனக்கு அதுவே ஞாபகம். டாக்டரிடம் சொன்னீர்களா என்று தினமும் கேட்பேன். வாரம் ஒருமுறை அவரே போன் செய்து விசாரிக்கிறார், எல்லாம் சொல்லிவிட்டேன், ரொம்ப சந்தோஷப்படுகிறார் என்பார். குதிரை இருமுவதில் ஒரு டாக்டருக்கு என்ன சந்தோஷம் இருக்க முடியும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். பெரிய டாக்டர்களின் சந்தோஷம் நமக்கு எங்கே புரியப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை குதிரையின் இரண்டு மூக்கிலிருந்தும் பச்சையாகத் தண்ணீர் வழிந்தது. அதில் மென்ற புல் இருந்தது. கண் மங்கி, காது தொங்கி, உடம்பு கொதித்தது. கணவர் அதன் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார். நான் அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து டாக்டரைக் கூப்பிட்டேன். ஆபரேஷன் ஆனதிலிருந்து இருமிக்கொண்டே இருக்கிறது, இன்று மூக்கில் தீனி வருகிறது என்றேன். அந்தப் பக்கம் டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. இருமவே இல்லை என்றுதானே உங்கள் வீட்டுக்காரர் சொன்னார், நன்றாகக் கனைக்கிறது என்றாரே, ஆபரேஷனில் குரல் போய்விடுமோ என்று பயந்திருந்தேன், வாராவாரம் கனைக்கிறது, ஜாஸ்தியாகவே கனைக்கிறது என்று கேட்டு நிம்மதியாக இருந்தேனே என்றார்.

"சார், எங்க வூட்ல இருமலுக்கு அதான் சார் பேரு," என்றேன்.

தமிழில் குதிரையும் கனைக்கும், மனுஷனும் கனைப்பான் என்பது அப்போதுதான் அவருக்கும் எனக்கும் ஒன்றாக உறைத்தது. ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒருவர் வியாதியைச் சொல்லியிருக்கிறார், இன்னொருவர் ஆரோக்கியத்தைக் கேட்டிருக்கிறார். இருவரும் திருப்தியாகப் போனை வைத்திருக்கிறார்கள்.

எங்கள் ஊர் மாட்டு டாக்டர் வந்து, சென்னைக்காரர் போனில் சொல்லச் சொல்ல ஊசி போட்டார். நுரையீரலில் இறங்க ஆரம்பித்திருக்கிறது, முழுதாக இறங்கவில்லை என்றார். காய்ச்சல் தணிந்தது. ஆனால் சென்னைக்காரர் எங்களுக்குக் கெடு வைத்துவிட்டார். இனி சொன்னபடி தீனி கொடுத்துப் பார்ப்போம், இருமல் குறையவில்லை என்றால் மறுபடி மயக்கம் கொடுத்து, தொண்டையைத் திறந்து, போட்ட தையலை வெட்டிவிட வேண்டியதுதான். இப்போதிருக்கிற நெஞ்சுக்கு இன்னொரு மயக்கம் தாங்குமா என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். என் கணவர் அன்று மதியம் சாப்பிடவில்லை. எனக்கும் இறங்கவில்லை. குதிரை மேல் எனக்கு அவ்வளவு பிரியம் இருந்தது எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்படியும் தொட்டியை இடிக்க அவருக்கு மனம் வரவில்லை. தீனியைத் தரையில் கொட்டுவது அந்த ஜீவனுக்கு மரியாதை இல்லை என்று புதிதாக ஒரு காரணம் கண்டுபிடித்தார். மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து ஆபாவின் குரல் கேட்டது.

"நாங்கல்லாம் தரைல தஸ்தர்கான் விரிச்சிதான் துன்றோம். அப்போ எங்களுக்கு மரியாத கம்மியா?"

எங்கள் வீட்டுக்குச் சாப்பாட்டு மேசை வந்ததே போன வருடம்தான், அதில் இப்போதைக்குத் துவைத்த துணிதான் உட்கார்ந்திருக்கிறது என்பதையும் ஆபா சேர்த்துச் சொன்னார். மாலையில் கணவரே சுத்தியலை எடுத்து வந்தார். நாலு அடி அடித்ததும் உட்கார்ந்துவிட்டார், மூச்சு வாங்கியது. மீதியை ஆபாவின் மகன் வந்து உடைத்துக் கொடுத்தான்.

மண்ணில் போட்டால் மண்ணும் சேர்ந்து போகும், எதையாவது விரிக்க வேண்டும். மஹால் வாசலில் கல்யாணம் முடிந்து கழற்றிப்போட்ட ஃப்ளெக்ஸ் பேனர் ஒன்றைக் கணவர் சுருட்டிக்கொண்டு வந்தார். நடுவில் மணமக்கள், சுற்றிலும் கூலிங்கிளாஸ் போட்ட நண்பர்கள், கீழே வாழ்த்தும் நெஞ்சங்கள் என்று எழுத்து. அதுதான் குதிரையின் தஸ்தர்கான். முதல் நாள் நண்பர்களின் முகத்தைப் பார்த்து மிரண்டது. இரண்டாம் நாள் அவர்கள் தலையில் நிதானமாக மேய்ந்தது. வேர்க்கடலைக் கொடியை நிறுத்திவிட்டு அணைக்கட்டு என்ற ஊரிலிருந்து பச்சைப்புல் வரவழைத்தோம். கொள்ளை வேகவைத்துக் கூழாகக் கரைத்தோம்.

நனைக்கிற வேலையில்தான் என் கணவர் மறுபிறவி எடுத்தார். தோல் ஆலையில் உப்புத் தோல் வந்ததும் முதல் வேலை அதைத் தண்ணீரில் ஊறப்போடுவது, சோக்கிங் என்பார்கள். பஃபிங்குக்கு மாற்றுவதற்கு முன் அவர் கொஞ்ச காலம் அந்தப் பிரிவில் இருந்தவர். பழைய பிளாஸ்டிக் பீப்பாயை நிறுத்தி, புல்லைக் கட்டுக்கட்டாக முக்கி, திருப்பிப்போட்டு, எடுத்து வடியவிட்டு, தொட்டுப்பார்த்து, இந்த பேட்ச் ஓகே என்று எனக்குச் சொல்வார். போர் தண்ணீரில் ஊறியதைக் குதிரை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. எங்கள் ஊர் போர் தண்ணீரின் உப்பு உலகப் பிரசித்தம், அதில் குளித்தால் சோப்பு நுரைக்காது. அதற்குப் பிறகு குதிரைக்கும் கேன் தண்ணீர்தான். இத்தனை கேனா, வீட்டில் விசேஷமா என்று கேன் போடுகிறவர் கேட்டார்.

இரண்டு மாதம் இப்படிப் போனது. இருமல் குறைந்த மாதிரி எனக்குத் தோன்றியது. ஆனால் எங்கள் வீட்டு வர்ணனையை நம்புகிற நிலைமையில் டாக்டர் இல்லை. இனி ஒரு வார்த்தையும் வேண்டாம், குதிரை சாப்பிடும்போது போனில் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்புங்கள், தையலை வெட்டுவதா வேண்டாமா என்று அதைக் கேட்டு முடிவு செய்கிறேன் என்றார். நான் மூன்று நாள் காலையில் கம்பெனிக்குக் கிளம்பும் முன் கொட்டகையில் நின்று பதிவு செய்தேன். குதிரை தின்றது. கணவர் பீப்பாயில் குனிந்து புல்லை முக்கிக்கொண்டிருந்தார். வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை டாக்டர் கூப்பிட்டபோது என் கையெல்லாம் இட்லி மாவு. முழங்கையால் அழுத்தி ஸ்பீக்கரில் போட்டேன். கணவர் கூடத்தில் பேப்பரை விரித்துக்கொண்டு, படிக்காமல், கேட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மா, உங்க குதிரை நல்லா தேறிட்டு வருது. முதல் வாய்ல ரெண்டு மூணு இருமல், அப்புறம் அடங்கிடுது. அது ஆயுசுக்கும் இருக்கும், பழகிக்கணும். தையல வெட்ட வேணாம். நான் கேக்கறது இன்னொரு குதிரைய பத்தி."

"இன்னொரு குதிரையா சார்?"

"பின்னாடி ஒண்ணு இருமுதே. அது தொண்டை இல்லம்மா, நெஞ்சு. இருமி முடிச்சதும் மூச்சுல விசில் மாதிரி வருது பாருங்க. எவ்ளோ நாளா இருமுது?"

பேப்பர் மடங்கும் சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"பத்துப் பன்னெண்டு வருஷமா சார்."

"அவ்ளோ வருஷமாவா? யார்கிட்டயும் காட்டலையா?"

"வண்டில ஏறாது சார். முரண்டு புடிக்கும்."

"வயசு என்ன ஆகுது?"

"அம்பத்தொம்போது."

குதிரை அறுபதைத் தொடுவதில்லை என்பது குதிரை டாக்டருக்குத் தெரியாமல் இருக்குமா. சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. சார் பக்கத்தில் இருக்கிறாரா என்று மட்டும் கேட்டார். இருக்கிறார், கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார் என்றேன்.

"சார், நான் மிருக டாக்டர். உங்களுக்கு வைத்தியம் சொல்ல எனக்கு உரிமை இல்ல. ஆனா இந்தச் சத்தம் உங்க குதிரைகிட்ட வந்திருந்தா, நீங்க மறுநாளே லாரி புடிச்சிருப்பீங்க."

போனை வைத்த பிறகு கணவர் எழுந்து கொட்டகைக்குப் போனார். கொஞ்ச நேரம் குதிரையின் பக்கத்தில் நின்றார். நான் இட்லித் தட்டில் மாவு ஊற்றினேன். பத்து வருடம் கத்தினேன், காது கேட்கவில்லை. யாரோ ஒரு குதிரை வைத்தியர் மூன்று ரெக்கார்டிங்கைக் கேட்டுவிட்டுச் சொன்னதும் ஏறிவிட்டது. எனக்கு ஆத்திரமாகத்தான் வந்தது. ஆத்திரத்தோடு ஆத்திரமாகக் கும்பிடவும் தோன்றியது. அவர் திரும்பி வந்து, செவ்வாய்க்கிழமை உனக்கு லீவு கிடைக்குமா என்று கேட்டார்.

வேலூரில் நெஞ்சு டாக்டரிடம் போனோம். ஒரு குழாயைக் கையில் கொடுத்து, மூச்சை இழுத்து ஒரே மூச்சில் வெளியே ஊதச் சொன்னார்கள். கொள்ளு என்றால் வாயைத் திறப்பதும் கடிவாளம் என்றால் வாயை மூடுவதும் குதிரைக்கு மட்டும் உள்ள குணம் இல்லை. பிரியாணி என்றால் தானாகத் திறக்கிற வாய், அந்தக் குழாயைக் கண்டதும் இறுக மூடிக்கொண்டது. நர்ஸ் அம்மா ஊதுங்க, ஊதுங்க, இன்னும் ஊதுங்க என்று உற்சாகப்படுத்தினார். அவர் கண் பிதுங்க ஊதினார். கம்ப்யூட்டரில் கோடு கொஞ்ச தூரம் ஏறி, மனமில்லாமல் படுத்துக்கொண்டது.

டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, எத்தனை நாளாக இருமல் என்று கேட்டார்.

"கனை..." என்று ஆரம்பித்தார் என் கணவர். என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த நுரையீரல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இருமல்தான் சார்," என்றார். "ரொம்ப நாளா."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் இத்தனை வருடம் காத்திருந்தேன். சொல்லும்போது எப்படிப் பார்க்க வேண்டும், வெளியே வந்ததும் என்ன சொல்லிக் குத்திக் காட்ட வேண்டும் என்றெல்லாம் யோசித்தும் வைத்திருந்தேன். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. அவர் கனைப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தவரை எனக்குக் கோபம் மட்டும்தான் இருந்தது. இருமல் என்று சொன்னதும் பயம் வந்துவிட்டது. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

தோல் தூசு ரொம்ப வருடமாக உள்ளே போயிருக்கிறது என்றார் டாக்டர். போன நுரையீரல் திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம். காலையும் மாலையும் இன்ஹேலர். தூசு ஆகாது, கொசுவத்திப் புகை ஆகாது. முழுசாக நிற்காது, குறையும், பழகிக்கணும் என்றார். பஸ்ஸில் வரும்போது என் கணவர் குதிரை டாக்டரும் இதையேதானே சொன்னார், எதற்கு இவ்வளவு தூரம் வந்தோம் என்றார். திருந்திவிட்டார் என்று நான் நினைத்தது என் தப்பு.

இப்போது எங்கள் வீட்டில் இரண்டு பேருக்குப் பத்தியம் நடக்கிறது. கொட்டகையில் யாரும் துடைப்பத்தால் பெருக்கக் கூடாது, தண்ணீர் தெளித்துத்தான் அள்ள வேண்டும். குதிரை மேடில்லாத கல்யாணங்களுக்கு மட்டும், மெதுவாக, போய் வருகிறது. முதல் வாய்க்கு இரண்டு இருமல் இருமும், பிறகு வாழ்த்தும் நெஞ்சங்களின் மேல் அமைதியாகத் தின்னும். அவர் இன்ஹேலரை இழுத்து, மூச்சை அடக்கி, கண்ணை மூடி நிற்பார். இரண்டும் அடங்கியதும் நான் தோசைக்கல்லை அடுப்பில் வைப்பேன். ஆபா மதிலிலிருந்து, இன்னாமா இன்னிக்கு உன் ரெண்டு குதிரையும் எப்படி என்று விசாரிப்பார்.

இன்ஹேலர் வேலை செய்ய ஆரம்பித்ததில் ஒரு பேஜார் உண்டானது. கேட்டருகே சத்தம் இல்லை. அவர் எப்போது வந்தார், எங்கே நிற்கிறார் என்று தெரிவதில்லை. ஒரு நாள் மாலை துணி மடித்துக்கொண்டிருந்தேன், திரும்பினால் பின்னால் நிற்கிறார். நெஞ்சே நின்றுவிட்டது எனக்கு. சத்தம் கொடுத்துவிட்டு வரக் கூடாதா என்று சண்டை போட்டேன். கனைக்கக் கூடாது என்றுதானே வேலூர் வரைக்கும் கூட்டிக்கொண்டு போனாய் என்றார். அவருடைய அந்தச் சத்தம் கேட்காத வீடு எனக்குப் பயமாக இருந்தது என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது.

மறுநாள் நான் அடுப்படியில் இருந்தேன். கேட் திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் இல்லை. வாசலிலேயே நிற்கிறார் போலிருக்கிறது, கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். முதல் முறை குரல் எழும்பவில்லை, இரண்டாம் முறை நன்றாகவே கேட்டது. கொட்டகையில் குதிரை தலையைத் தூக்கிப் பார்த்தது. யாரையடா இவர் கூப்பிடுகிறார் என்று நான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன்.

அந்தப் பக்கம் ஆபாவும் மதிலில் எட்டிப் பார்த்தார்.

"யார்மா அது, உங்க வூட்டுக்காரு கூப்புட்றாரே?"

"நான்தான் ஆபா," என்றேன்.